விசை திக்கினால் ஒற்று மிகும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதை பற்றியும் காப்பியம் பற்றியும் அறிஞர்கள் உரையாற்றிய இம்மேடையில் விசைப்பலகை பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். இலக்கிய வட்டத்தில் எந்திரத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். இன்று நம்முள் பெரும்பாலோர் எழுதுவது விசைப்பலகையில்தான். சிறுகதையும் ஆய்வுக்கட்டுரையும் பதிப்புரையும் அதன் வழியாகவே வெளிவருகின்றன. ஓலையில் எழுதியவன் எழுத்தாணியின் கூரைத் தானே பார்த்துக்கொண்டான். நாமோ நாள்தோறும் பல்லாயிரம் முறை தொடுகின்ற கருவியின் உட்புறத்தை ஒருமுறையும் பார்த்ததில்லை. பார்க்காமலிருப்பதனால் தமிழ் எழுதுவோர்க்கு நேரும் ஒரு தனிக்கேடு உண்டு. அதனைச் சொல்வதும், அதற்கு மருந்து நம் கையிலேயே இருப்பதைக் காட்டுவதுமே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் கருவியை அறிந்துகொள்வோம். கடைகளில் மிகுதியாக விற்கும் மலிவான விசைப்பலகையில், எல்லா விசைகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும். அதில் சிறு குமிழ்கள் எழும்பி நிற்கும். விசையை அழுத்தினால் குமிழ் குழிந்து, கீழுள்ள மென்தகட்டின் மேலடுக்கைக் கீழடுக்கோடு சேர்க்கும். ரப்பர் தளர்ந்தாலோ தகடு பழுதானாலோ ஒரு விசையை மட்டும் மாற்ற வழியில்லை. பலகையையே தூக்கி எறிய வேண்டியதுதான். 'மெக்கானிக்கல்' என்று பெயர் பெற்ற விசைப்பலகையின் அமைப்பு வேறு. அதில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே ஒரு சுவிட்ச் உண்டு. ஒவ்வொன்றும் தனக்கென உறையும் சுருள்வில்லும் தொடுதகடும் கொண்ட சிறு எந்திரம். ஒன்று கெட்டால் அந்த ஒன்றை மாற்றலாம். ஒன்று கடினமாயிருந்தால் அந்த ஒன்றை மென்மையாக்கலாம்.

இதன் வரலாற்றைச் சுருங்கச் சொல்கிறேன். 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது அதனோடு வந்த 'மாடல் எஃப்' விசைப்பலகையில், அழுத்தும்போது ஒருபுறம் சாய்ந்து மடியும் சுருள்வில் இருந்தது. ரிச்சர்டு ஹாரிஸ் என்னும் பொறியாளர் பெயரில் இவ்வமைப்புக்கு 1978இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது. 1985இல் வந்த 'மாடல் எம்' அதே சுருள்வில்லை எளிய அடித்தகட்டின்மேல் அமைத்தது. அதன் பிளாஸ்டிக் தறைகள் காலப்போக்கில் உடைந்துபோகும். அவற்றைத் துளையிட்டு நீக்கி, சிறு திருகாணிகள் பூட்டி, அந்தப் பழைய பலகைகளை இன்றும் உழைக்கச் செய்வோர் பல நாடுகளில் உள்ளனர்.

மற்றொரு வழி செர்ரி நிறுவனத்தினுடையது. வால்டர் செர்ரி 1953இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய அந்நிறுவனம் பின்னர் ஜெர்மனியில் வேரூன்றியது. 1980களின் தொடக்கத்தில் அது உருவாக்கிய 'எம்.எக்ஸ்.' சுவிட்சே இன்றைய விசைப்பலகைகளுக்கு அளவுகோலாக நிற்கிறது. அதன் காப்புரிமைகள் 2014ஆம் ஆண்டளவில் காலாவதியானதும், சீனாவின் கெய்ல், கேட்டரான், அவுட்டெமு முதலிய தயாரிப்புகள் அதே அளவில் அதே பொருத்தத்தில் பெருகின. ஒருவர் செய்த உறைக்குள் மற்றொருவரின் சுருள்வில்லைப் பெரும்பாலும் பொருத்தலாம் என்னும் நிலை வந்தது. விசைப்பலகையைத் தம் கைக்கேற்ப மாற்றியமைக்கும் கலை பரவியதற்கு இந்தப் பொது அளவே பெருங்காரணம்.

அந்தச் சுவிட்சின் உள்ளே புகுவோம். கீழுறை, மேலுறை என இரண்டு பகுதிகள். நடுவே மேலும் கீழும் இயங்கும் தண்டு ஒன்று. அதன் தலையில் கூட்டல் குறி வடிவம் இருக்கும். அதன்மேல்தான் எழுத்துப் பொறித்த மூடி அமர்கிறது. தண்டின் அடியில் சுருள்வில். பக்கவாட்டில் இரண்டு தொடுதகடுகள். விரல் படாதபோது தண்டின் கால்கள் ஒரு தகட்டைத் தள்ளிப் பிரித்து வைத்திருக்கும். தண்டு இறங்கியதும் கால்கள் விலகும், தகடு தன் இயல்பான நிலைக்கு மீண்டு மற்றதனைத் தொடும், மின்சுற்று முழுமை பெறும். மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும் தண்டு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இறங்கியபோதே எழுத்து பதிந்துவிடும். அடித்தளம் மோதும்வரை அழுத்தத் தேவையில்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

தண்டுக் கால்களின் வடிவத்தைக் கொண்டு மூன்று வகை கூறுவர். கால் வழுவழுப்பாக இருந்தால் சுவிட்ச் ஒரே சீராக இறங்கும். காலில் சிறு மேடு இருந்தால், எழுத்து பதியும் இடத்தருகே விரலுக்கு ஒரு தடை உணர்வு தோன்றும். தடையோடு 'டிக்' என்னும் ஓசையும் எழுப்புவது மூன்றாம் வகை. செர்ரியின் சிவப்புத் தண்டு முதல் வகை, பழுப்பு இரண்டாம் வகை, நீலம் மூன்றாம் வகை. சிவப்புக்கு 45 சென்டிநியூட்டன் அழுத்தம் வேண்டும். பழுப்பின் தடையைக் கடக்க 55, நீலத்தின் தடையைக் கடக்க 60. ஒரு சென்டிநியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு கிராம் எடை தரும் அழுத்தம் என்று கொள்ளலாம். வீட்டார் உறங்கும் வேளையில் எழுதும் எழுத்தாளர் நீலத்தைத் தேர்ந்தால் குடும்ப அமைதிக்கு நான் பொறுப்பேற்க இயலாது.

இனி நோய்க்கு வருகிறேன். இரண்டு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொடும்போது, தொட்டவுடன் அமைதியாக ஒட்டிக்கொள்வதில்லை. தரையில் விழுந்த பந்து துள்ளுவதுபோல அவை சில கணம் துள்ளுகின்றன. ஒருமுறை அழுத்தினாலும் தொடுதலும் பிரிதலும் பலமுறை நிகழும். இதற்கு இடங்கொடுத்து, முதல் தொடுதலுக்குப் பின் சில மில்லி விநாடிகள் நிகழும் துள்ளலைக் கணக்கில் கொள்ளாதவாறு பலகையினுள் பதிந்துள்ள மென்பொருள் எழுதப்பட்டிருக்கும். ஆர்வலர் பலர் பயன்படுத்தும் 'கியூ.எம்.கே.' என்னும் திறந்த மென்பொருளில் இக்காலம் இயல்பாக 5 மில்லி விநாடி. தொடுமுனை மங்கினாலோ, தூசி படிந்தாலோ, உள்ளே எண்ணெய் கசிந்தாலோ, தகட்டின் விறைப்புக் குறைந்தாலோ துள்ளல் இந்த எல்லையைத் தாண்டி நீளும். அப்போது ஒருமுறை தட்டிய எழுத்து இருமுறை விழும். கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றும் ஈரமும் மலிவான சுவிட்சுகளில் இந்நோயை விரைந்து வரவழைக்கும். இதனை 'விசை திக்குதல்' என்று நான் வழங்குகிறேன்.

ஆங்கிலம் எழுதுவோருக்கு விசை திக்கினால் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். இரட்டித்த எழுத்து கண்ணை உறுத்தும், எழுத்துப்பிழை திருத்தியும் சிவப்புக் கோடிடும். தமிழ் எழுதுவோருக்கு அவ்வாறு தெரிவதில்லை. ஏன் என்பதைச் சற்று விளக்க வேண்டும்.

1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்டது தமிழ்99 விசைப்பலகை அமைப்பு. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 விசைகளில் தமிழின் 247 எழுத்துகளும் அடங்கிவிடுகின்றன. தமிழின் இயல்பை அறிந்தோர் அமைத்த அவ்வமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே மெய்க்கான விசையை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதலாவது தானாகவே புள்ளி பெறும். 'பட்டம்' எழுத வேண்டுமானால் ப, ட, ட, ம தட்டி இறுதியில் புள்ளியிட்டால் போதும். இடையிலுள்ள ஒற்றுக்கு நாம் புள்ளியிட வேண்டியதில்லை. தட்டும் எண்ணிக்கையைக் குறைக்கும் அருமையான வசதி இது.

ட விசை திக்கும் பலகையில் ஒருவர் 'படம்' என்று எழுதுவதாகக் கொள்வோம். ட இருமுறை விழும். மென்பொருள் தன் கடமையைச் செய்து முதல் டகரத்துக்குப் புள்ளி வைக்கும். திரையில் 'பட்டம்' நிற்கும். அது பிழையான சொல்லன்று, வேறொரு நல்ல சொல். 'குடி' என்று எழுதினால் 'குட்டி' வரும். 'கடி' என்றால் 'கட்டி' வரும். பிழைதிருத்தி மென்பொருள் இவற்றைக் கண்டு தலையசைத்து அப்பால் செல்லும்.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. நெடில்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரங்களில் டகர றகரங்களின் ஒற்று இரட்டிப்பதை நன்னூல் வகுத்துரைக்கிறது. நாடு 'நாட்டு' ஆகும், வீடு 'வீட்டு' ஆகும், ஆறு 'ஆற்று' ஆகும். நம் இலக்கணம் வேண்டுமென்றே செய்யும் அதே இரட்டிப்பைத்தான் திக்கும் விசை வேண்டாத இடத்தில் செய்கிறது. வினைச்சொற்களைப் பாருங்கள். விடு, பெறு, புகு என்னும் வினைகள் தம் ஒற்று இரட்டித்தே இறந்தகாலம் காட்டுகின்றன: விட்டு, பெற்று, புக்கு. ஆகவே விசை ஒருமுறை திக்கினால் ஏவல்வினை வினையெச்சமாகிவிடும். 'அவனை விடு' என்று கதைமாந்தர் ஆணையிடும் இடத்தில் 'அவனை விட்டு' என்று நின்றுவிடும். படிப்பவர் ஆசிரியர் வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டார் என்றெண்ணுவார். விசையை யார் ஐயுறுவர்?

ஒலிப்பு முறையில், அதாவது ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் வருவிக்கும் முறையில் எழுதுவோருக்கு நோய் வேறு உருவில் தோன்றும். அம்முறையில் 'ஏ' எனும் ஆங்கில எழுத்து ஒருமுறை வந்தால் அகரம், இருமுறை வந்தால் ஆகாரம். அவ்விசை திக்கினால் குறில் நெடிலாகும். மலை 'மாலை' ஆகும். கல் 'கால்' ஆகும். 'ஐ' எனும் எழுத்துக்குரிய விசை திக்கினால் விடு 'வீடு' ஆகும். தமிழ்99இல் உயிர் விசை திக்கினால் உயிர்மெய்க்குப் பின் தனி உயிரெழுத்து ஒன்று நிற்பதால் கண்டுகொள்ளலாம், மெய் திக்கினால்தான் மறைந்துகொள்ளும். ஒலிப்பு முறையிலோ இரண்டுமே மறைந்துகொள்ளும்.

பழைய தட்டச்சுப் பொறிக்கு இந்த இடர் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா போன்ற முன்னோடிகள் அமைத்த தமிழ்த் தட்டச்சுப் பொறியில், புள்ளிக்கென உருளை நகராத தனி விசை உண்டு. நாம் தட்டினால்தான் புள்ளி விழும். தவறுதலாக ட இருமுறை விழுந்தால் 'படடம்' என்றே நிற்கும், சிறு பிள்ளையும் பிழையென்று சொல்லும். எந்திரம் நமக்கு உதவத் தொடங்கியபோதுதான் அதன் பிழையும் மொழியின் உடையை அணிந்துகொண்டது.

ஓலைச்சுவடிகளில் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இருந்ததில்லை. ஏகார ஓகாரங்களும் எகர ஒகரங்களும் வேறுபாடின்றியே எழுதப்பட்டன. உ.வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் எது ஒற்று, எது உயிர்மெய், எது குறில், எது நெடில் என்று பொருளறிந்து தெளிந்தார்கள். சுவடியில் இல்லாத புள்ளியை அவர்கள் தேடி வைத்தார்கள். நம் காலத்துப் பதிப்பாசிரியர்க்கோ கூடுதலாக விழுந்த புள்ளியைத் தேடி எடுக்கும் வேலை வந்து சேர்ந்திருக்கிறது. நூறு ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் நம் நூல்களைப் படித்து, 'இங்கு ஆசிரியர் பட்டம் என்று எழுதியதன் உட்பொருள் யாது' என்று ஆராயாமலிருக்க வேண்டுமானால், இன்றே விசையைக் கவனிக்க வேண்டும்.

நோயைக் கண்டறியும் முறை எளியது. பலகையைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இரட்டித்தல் ஒளிந்துகொள்ள முடியாது. ஒரு விசையை நிதானமாக 50 முறை தட்டுங்கள். திரையில் 50 எழுத்து இருந்தால் அவ்விசை நலம். 51 இருந்தால் திக்குகிறது. 49 இருந்தால் விழுங்குகிறது, அதுவும் நோயே. விழுங்கும் விசையில் 'விட்டு' என்பது 'விடு' ஆகிவிடும். 31 விசைகளையும் இவ்வாறு சோதிக்க அரைமணி நேரம் ஆகலாம். ஒரு நூலின் மெய்ப்பைத் திருத்தும் உழைப்போடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது.

நோய் இருப்பது தெரிந்தபின், அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். இங்கு ஒழுங்குமுறை தேவை. முதலில் கணினியோடுள்ள இணைப்பைப் பிரித்துவிட்டு, மூடியைக் கழற்றிப் பாருங்கள். தலைமயிரோ உணவுத் துணுக்கோ அடியில் இருக்கலாம். மூடி பக்கத்து மூடியை உரசலாம். அடுத்து, சுவிட்சைச் செருகி எடுக்கும் குழியுள்ள பலகையானால், ஐயத்துக்குரிய சுவிட்சைப் பிடுங்கி எடுத்து, நாம் தொடாத ஒரு விசையின் சுவிட்சோடு இடம் மாற்றுங்கள். 'ஸ்க்ரோல் லாக்' என்றொரு விசை உண்டு, அதனைப் பயன்படுத்துவோரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். இடம் மாற்றியபின் நோய் சுவிட்சோடு சென்றால் குற்றம் சுவிட்சினுடையது. நோய் பழைய இடத்திலேயே நின்றால் குற்றம் கீழேயுள்ள குழியிலோ மின்சுற்றுப் பலகையிலோ உள்ளது. இந்த ஒரு சோதனை பாதி ஐயத்தைத் தீர்த்துவிடும். சுவிட்சைச் செருகும்போது அதன் இரண்டு கம்பிக்கால்களும் நேராக இருத்தல் வேண்டும். புதிதாக மாற்றிய சுவிட்ச் வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் ஒரு கால் மடங்கியிருக்கும். மெல்லிய குறட்டால் நிமிர்த்தினால் போதும்.

ஒரு விசை மட்டும் கெடாமல் ஒரு வரிசையோ ஒரு நிரலோ முழுவதும் செத்துப்போனால் சுவிட்சுகளைத் திட்டிப் பயனில்லை. விசைப்பலகையில் 104 விசைகளுக்கு 104 தனிக் கம்பிகள் இல்லை. வரிசைக் கம்பிகளும் நிரற் கம்பிகளும் வலைபோல் குறுக்கிட, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு விசை அமர்ந்திருக்கிறது. உள்ளேயிருக்கும் சிறு கணிப்பான் ஒவ்வொரு வரிசையாக விரைந்து சோதித்து வருகிறது. ஆகவே வரிசை முழுவதும் செயலற்றால் அந்தக் கம்பியின் தடமோ கணிப்பானின் காலோ அறுந்திருக்கும். செவ்வகத்தின் மூன்று முனைகளிலுள்ள விசைகளை ஒருசேர அழுத்தும்போது, தொடாத நான்காம் முனையின் எழுத்து பேய்போல் தோன்றினால், அங்கு டயோடு இல்லை அல்லது பழுதாகியிருக்கிறது என்று பொருள். மின்னோட்டத்தை ஒருதிசையில் மட்டும் விடும் அச்சிறு பொருள் மலிவானது. ஆனால் அதனை மாற்ற ஈயப்பற்று வைக்கத் தெரிந்தவர் வேண்டும்.

குற்றம் சுவிட்சினுடையதே என்றால் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது தூய்மை செய்தல். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஓரிரு துளி விட்டுத் தண்டைப் பலமுறை அழுத்தி நன்கு உலரவிட்டால் பல சுவிட்சுகள் நலமடையும். இரண்டாவது மாற்றுதல். செருகு குழியுள்ள பலகையில் இது ஒரு நிமிட வேலை. பற்றவைத்த பலகையில் ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுக்க வேண்டும். சூட்டுக்கோலை நெடுநேரம் வைத்தால் பலகையின் செப்புத்தடம் பெயர்ந்துவிடும், கைப்பழக்கம் இல்லாதவர் பழகியவரிடம் கொடுப்பதே நன்று. மூன்றாவது, பலகையின் மென்பொருளில் துள்ளலைப் பொறுக்கும் காலத்தை 5லிருந்து 10 மில்லி விநாடியாக உயர்த்துதல். ஒரே விரல் ஒரே விசையை நொடிக்கு ஏழெட்டு முறைக்கு மேல் தட்டுவது அரிதாகையால், நாம் வேண்டுமென்றே இரட்டிக்கும் ஒற்றுக்கு இதனால் ஊறு நேராது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். விண்டோஸ் இயங்குதளத்தில் 'ஃபில்ட்டர் கீஸ்' என்றொரு வசதி உண்டு. கை நடுக்கம் உடையோர்க்காக அமைந்தது. மறுதட்டைப் புறக்கணிக்க அது கொள்ளும் காலம் வழக்கமாக அரை நொடி அளவிலிருந்து தொடங்கும். திக்கும் விசைக்கு மருந்தென்று எண்ணித் தமிழ் எழுதுவோர் இதனை இயக்கினால், வேண்டாத ஒற்றோடு வேண்டிய ஒற்றும் போய்விடும். விரைந்து தட்டிய 'பட்டம்' எல்லாம் 'படம்' ஆகும். ஒற்று மிகுந்த நோயைத் தீர்க்கப் போய் ஒற்று மிகாத நோயை வாங்கிக்கொள்வோம்.

பழுது நீக்குதல் இவ்வளவில் நிற்க, கைக்கேற்ப அமைத்துக்கொள்ளுதல் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். மேனாட்டு ஆர்வலர்கள் தம் மொழிக்கேற்பச் சொல்லும் அறிவுரைகளை நாம் அப்படியே கைக்கொள்ளத் தேவையில்லை. தமிழ்99இல் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை வலக்கைக்கும் வருகின்றன. முறைப்படி விரல் வைத்துத் தட்டுவோரின் வலச் சுண்டுவிரலுக்கு ந, ய, ண, ச, ஞ, ழ என்னும் ஆறு எழுத்துகள் விழுகின்றன. ஐந்து விரலில் மெலிந்த விரலுக்கு ஆறு எழுத்து. இடச் சுண்டுவிரலுக்கோ அ, ஆ, ஔ மட்டுமே. அகரமேறிய மெய்க்கு அகர விசையைத் தட்ட வேண்டியதில்லை, ஔகாரம் அருகியே வருவது. எனவே வலச் சுண்டுவிரலின் ஆறு சுவிட்சுகளில் மட்டும் 45க்கு மாற்றாக 35 சென்டிநியூட்டன் அளவுள்ள மெல்லிய சுருள்வில்லைப் போட்டுப் பாருங்கள். சொல்லுக்குச் சராசரி எட்டுத் தட்டு என்று கொண்டால் 2500 சொல் கொண்ட கட்டுரைக்கு 20,000 தட்டு. அத்தனை முறையும் விரல் சுருள்வில்லோடு மல்லிடுகிறது. எங்கு வலி தோன்றுகிறதோ அங்கு வில்லை மெலிதாக்கலாம் என்பதே இக்கருவியின் பெருஞ்சிறப்பு. வலி நீங்காவிடில் மருத்துவரை நாடுவதே முறை, சுருள்வில் மருந்தாகாது.

அடுத்தது மசகிடுதல். தண்டு உரசும் கரகரப்பு நீங்க, உறையைத் திறந்து, தண்டின் பக்கங்களிலும் சுருள்வில்லின் முனைகளிலும் மெல்லிய தூரிகையால் மசகு தடவுவர். இதற்கென்றே 'கிரைட்டாக்ஸ்' போன்ற கெட்டியான மசகுகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவே போதும். தொடுதகட்டில் படவே கூடாது, பட்டால் நாம் பேசிய திக்கலே விளையும். தடை உணர்வு தரும் சுவிட்சில் காலின் மேட்டிலும் தடவலாகாது, தடவினால் அந்த உணர்வே மழுங்கிவிடும். தேங்காயெண்ணெயும் தையல் எந்திர எண்ணெயும் ஆகா. அவை வழிந்தோடித் தூசியைச் சேர்த்துப் பிசினாகும். இடைவெளி விசை போன்ற நீண்ட விசைகளுக்கு அடியில், இருபுறமும் ஒரே சமமாக இறங்கும்பொருட்டு ஒரு வளைகம்பி இருக்கும். அது கலகலவென்று ஒலிப்பதுதான் பலர் வெறுக்கும் ஓசை. கம்பி முனைகளில் சிறிது கெட்டி மசகு வைத்தால் அடங்கும்.

இத்தனையும் எல்லோரும் செய்ய வேண்டும் என்பதன்று என் கருத்து. விலையுயர்ந்த பலகை நல்ல கவிதையைத் தந்துவிடாது. வண்ண விளக்குகளிலும் மூடிகளின் அழகிலும் மயங்கி, பலகைகளைச் சேர்ப்பதே தொழிலாகி, எழுதுவதை மறந்தோரும் உலகில் உள்ளனர். புதிதாக வாங்குவோர் ஒன்றே ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: ஒரு விசை கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்ற முடியுமா? முடியும் என்றால் அது கருவி. முடியாது என்றால் அது கெடும் நாளை எதிர்நோக்கியிருக்கும் பண்டம். ரப்பர் விரிப்புப் பலகையே போதும் என்போரும் 50 தட்டுச் சோதனையை ஆண்டுக்கு இருமுறையாவது செய்யுங்கள். சொல்லைக் காப்பதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை.

இவ்வட்டத்தின் மலர்க்குழுவினர்க்கும் ஒரு வேண்டுகோள். மெய்ப்புத் திருத்தும்போது ஒரே ஆசிரியரின் படிகளில் ஒரே எழுத்து மீண்டும் மீண்டும் இரட்டித்து வருமானால், அவருடைய இலக்கண அறிவைக் குறைகூறும் முன் அவருடைய விசைப்பலகையை விசாரியுங்கள். டகரம் மட்டும் மிகுகிறதா, றகரம் மட்டும் மிகுகிறதா என்று குறித்துவைத்து அவருக்குத் தெரிவியுங்கள். ஆசிரியரின் பிழை பல எழுத்துகளில் பரவி நிற்கும். விசையின் பிழை ஓர் எழுத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். இவ்வேறுபாடு ஒன்றை மனத்தில் கொண்டாலே வீண் மனத்தாங்கல்கள் பல தவிரும்.

ஒற்று எங்கு மிகும், எங்கு மிகாது என்பதைத் தெளிவுபடுத்த நம் முன்னோர் நூற்பாக்கள் யாத்தனர். அந்த முடிவை எடுக்கும் உரிமை எழுதுபவனுக்கு உரியது. அதனைத் தேய்ந்துபோன ஒரு தகட்டிடம் விட்டுவிடலாகாது. கருவியைத் திறந்து பார்க்கும் துணிவும், அதனைப் பேணும் பொறுமையும் எழுத்துத் தொழிலின் பகுதிகளே.